பெரும்பாடு

1995 மே மாதம். டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனை. நாற்பத்துநான்கு வயதான, மணமாகாத பெண் ஒருவர் ஒன்பது நாளாக நிற்காத உதிரப்போக்கோடு வருகிறார். ஸ்கேன் எடுக்கிறார்கள். மறுநாள் லேப்ராஸ்கோபி போட்டு உள்ளே என்னவென்று பார்த்துவிடலாம் என்கிறார்கள். அதற்கான படிவங்களில் அவர் கையெழுத்துப் போடுகிறார், மயக்க மருந்து கொடுக்கப்படுகிறது. சற்று நேரத்தில் உதவி மருத்துவர் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வெளியே வருகிறார். அங்கே காத்திருந்த தாயிடம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்று இன்னொரு கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார். மகளுக்கு மயக்கம் தெளிந்தபோது கருப்பை இல்லை, கருக்குழாய்கள் இல்லை, சினைப்பைகள் இரண்டும் இல்லை.

வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையத்தில் தள்ளுபடியாகி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2008 ஜனவரி 16 அன்று தீர்ப்பு. சோதித்துப் பார்க்கக் கொடுத்த சம்மதம் வெட்டியெடுக்கக் கொடுத்த சம்மதம் ஆகாது. உயிருக்கு ஆபத்தில்லாத நேரத்தில், அவர் கண் விழிக்கும்வரை பொறுத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும். சுயநினைவு கொஞ்ச நேரம் இல்லை என்பதற்காக வயதுவந்த ஒரு பெண்ணின் உடலுக்கு அவருடைய தாய் உத்தரவு கொடுத்துவிட முடியாது. இந்தியாவில் சிகிச்சைக்கான சம்மதம் பற்றி யார் வாதாடினாலும் இன்றும் இந்தத் தீர்ப்பைத் தொட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பெண் இழப்பீடாகக் கேட்டது 25 லட்சம் ரூபாய். நீதிமன்றம் கொடுத்தது 25,000. மருத்துவமனைக்குக் கட்டணம் கட்டத் தேவையில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நாற்பத்துநான்கில் தொடங்கியது ஐம்பத்தேழு வாக்கில் முடிந்தது. சராசரி இந்தியப் பெண்ணுக்கு மாதவிலக்கு மெல்ல நின்று, உடல் அதற்குப் பழகி, மறந்தும் போகும் வயது முழுவதும் வழக்கிலேயே கழிந்துவிட்டது. மெல்ல என்பது அவர் விஷயத்தில் பொருந்தாது. அவருக்கு அது ஒரே மதியத்தில் நடந்து முடிந்திருந்தது.

அறுவைசிகிச்சை செய்த மருத்துவர் உள்ளே கண்டதாகச் சொன்ன நோயின் பெயர் எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்புறத்தில் மாதந்தோறும் தடித்து உதிர்கிற சவ்வைப் போன்ற திசு, இருக்கக்கூடாத இடங்களில் வளர்வது. சினைப்பையில் வளரும், குடலின் மேல் படரும், சிறுநீர்ப்பையைப் பற்றும். மாதச் சுழற்சி வந்தால் அதுவும் வீங்கும், கசியும். ஆனால் வெளியே வர வழி கிடையாது. உள்ளேயே புண்ணாகித் தழும்பேறி, தனித்தனியாக அசைய வேண்டிய உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அதற்குப் பிறகு மலம் கழித்தாலும் வலி, கணவனோடு சேர்ந்தாலும் வலி, சில பெண்களுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வலி. உலகில் பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1920களிலேயே இதற்குப் பெயர் வைத்து, விளக்கமும் எழுதிவிட்டார். இருந்தும், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களின் அனைத்துக் கட்சிக் குழு 2020இல் விசாரித்தபோது, அந்த நாட்டில் ஒரு பெண் முதன்முதலாக மருத்துவரிடம் போவதற்கும் நோய் உறுதிப்படுவதற்கும் இடையே சராசரியாக எட்டு ஆண்டுகள் கழிவது தெரியவந்தது. பத்தாம் வகுப்பில் தொடங்கிய வலிக்கு எம்.ஏ. முடித்த பிறகு பெயர் கிடைக்கிறது. மருத்துவம் இலவசமாகக் கிடைக்கிற நாட்டில் இந்த நிலை.

அந்த எட்டு ஆண்டுகளில் என்ன நடக்கும் என்பதை ஹிலரி மேன்டெல் அளவுக்கு விவரமாக எழுதிவைத்தவர்கள் குறைவு. ‘வுல்ஃப் ஹால்’ நாவலுக்கு 2009இலும் அதன் அடுத்த பாகத்துக்கு 2012இலும் புக்கர் பரிசு வாங்கியவர். அவருடைய தன்வரலாறான ‘கிவிங் அப் த கோஸ்ட்’ 2003இல் வந்தது. எழுத்தாளரின் நினைவுக் குறிப்பு என்று கையில் எடுப்பவர் பாதிவழியில் ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டைப் படித்துக்கொண்டிருப்பார்.

சிறுமியாக இருந்தபோதே அவருக்கு மருத்துவர் ஒருவர் ஒரு பட்டப்பெயர் சூட்டிவிட்டார், எப்போது பார்த்தாலும் நோய் சொல்லும் பெண் என்ற பொருளில். சட்டம் படிக்கப் போன கல்லூரி நாட்களில் கால்களில் குடைச்சல், குமட்டல், மாதம் தவறாத வயிற்றுவலி. மருத்துவர்கள் வயிற்றைவிட அவருடைய மனதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டார்கள். முதலில் மனச்சோர்வுக்கு மாத்திரை. அது கண்ணை மங்கலாக்கியது. பிறகு வாலியம். பிறகு மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் கண்டுபிடித்த நோய் பேராசை. பெண்பிள்ளை வக்கீலாக வேண்டும் என்று மிதமிஞ்சி ஆசைப்படுகிறாள், அதனால்தான் இப்படி. துணிக்கடையில் வேலைக்குப் போனால் நன்றாக இருக்குமே என்று யோசனையும் சொன்னார். மருத்துவமனைக் கட்டிலில் உட்கார்ந்து மேன்டெல் கதை எழுதிக்கொண்டிருந்தது தெரியவந்ததும், எழுதக்கூடாது என்றார்.

அடுத்து வந்தது மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் மருந்து. அதன் பக்கவிளைவுகளில் ஒன்று அகதீஷியா. உடம்பு ஒரு கணமும் ஓரிடத்தில் தரிக்காது. உட்கார்ந்தால் நிற்கச் சொல்லும், நின்றால் நடக்கச் சொல்லும், தோலுக்குள்ளிருந்து யாரோ விரட்டுவதுபோல் இருக்கும். பார்ப்பவர்களுக்கு அது பைத்தியம்போலவே தெரியும். பைத்தியம் என்று கொடுத்த மருந்து பைத்தியத்தின் தோற்றத்தை உண்டாக்கி, மருத்துவர் சொன்னது சரிதான் என்று சாட்சி சொல்லிவிட்டது. அந்தப் புத்தகத்தில் படிக்கக் கடினமான பக்கங்கள் இவைதாம். அறுவைசிகிச்சை வரும் பக்கங்களில்கூட இவ்வளவு மூச்சு முட்டாது.

நிலவியலாளரான கணவருடன் 1977இல் ஆப்பிரிக்காவின் பொட்ஸ்வானாவுக்குப் போனார். அங்கே ஒரு மருத்துவப் பாடநூலைப் புரட்டியபோது தன் உடம்பை அச்சில் பார்த்தார். எண்டோமெட்ரியோசிஸ். பட்டம் பெற்ற இத்தனை பேர் சொல்லத் தவறியதை ஒரு நாவலாசிரியர் புத்தகம் பார்த்துச் சொன்னார். 1979 கிறிஸ்துமஸ் சமயத்தில் லண்டனின் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் சேர்ந்தபோது அவருடைய கணிப்பு சரியென்று ஆனது. சரியென்று ஆனபோது காலம் கடந்திருந்தது. கருப்பை, சினைப்பைகள், குடலில் கொஞ்சம் என்று எடுத்துப்போட்டார்கள். அவருக்கு வயது 27. பிறக்கப்போகும் மகளுக்கு காட்ரியோனா என்று மனதுக்குள் பெயர்கூட வைத்திருந்தார்.

எடுத்ததோடு விட்டுவிட்டதா? அங்கங்கே மிஞ்சிய திசு மீண்டும் தலைதூக்கியது. ஹார்மோன் சிகிச்சைகளில் உடல் ஊதியது. ஒல்லிக்குச்சியாக இருந்தவரை ஓரிரு ஆண்டுகளில் பழைய நண்பர்களுக்கே அடையாளம் தெரியவில்லை. கல்யாணம் முறிந்தது, பிறகு அதே கணவரையே 1982இல் மீண்டும் மணந்தார். இருபதுகளில் இருக்கும் ஒரு பெண்ணின் உடம்பை ஐம்பது வயதுக்குத் தள்ளிவிட்டு, இனி சமாளித்துக்கொள் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

மேன்டெலின் கதையை மேல்நாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடத் தமிழ் வாசகிகளால் முடியாது. அவரிடம் மனநல மருத்துவர் சொன்னதை இங்கே வீட்டுப் பெரியவர்களும் கிளினிக் மேசைகளும் வேறு பாஷையில் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பதினான்கு வயதில் சுருண்டு படுத்தால், ‘வயசுக்கு வந்த பிள்ளைக்கு வலிக்காம இருக்குமா’. இருபதில், ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’. கல்யாணம் ஆன பிறகு, ‘ஒரு பிள்ளை பெத்துட்டா எல்லாம் சரியாயிடும்’. இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனபின், ‘இன்னும் நாலு வருஷம், தானா நின்னுடும், பொறுத்துக்கோ’. மருந்து எப்போதும் அடுத்த பருவத்தில்தான் இருக்கிறது. இதைப் பாட்டிவைத்தியம் என்று சிரிக்கவும் வழியில்லை. பாஸ்டன் நகரத்தின் பெயர்பெற்ற மகளிர் மருத்துவர் ஜோ மெய்க்ஸ் 1940களில் எண்டோமெட்ரியோசிஸுக்குப் பரிந்துரைத்தது சீக்கிரம் கல்யாணம், சீக்கிரம் பிள்ளை. படித்து வேலைக்குப் போகிற பெண்களின் வியாதி என்று இதற்கு முத்திரையும் விழுந்தது. எந்தப் பெண்களிடம் மருத்துவரைப் போய்ப் பார்க்கக் காசு இருந்ததோ அவர்களிடம்தான் நோய் கண்டுபிடிக்கப்பட்டது என்ற எளிய விஷயம் நெடுநாள் யாருக்கும் தோன்றவில்லை.

பெண்கள் சரியாகச் சொல்லத் தெரியாமல் சொல்கிறார்கள் என்ற புகார் ஒன்று உண்டு. நோயைப் பற்றிப் பேச ஆங்கிலத்தில் சொல் போதாது என்று வர்ஜீனியா வுல்ஃப் ஒரு கட்டுரையில் குறைப்பட்டிருந்தார். 2010இல் இன்னொரு பெரிய அறுவைசிகிச்சைக்குப் பிறகு மருத்துவமனை நாட்குறிப்பு எழுதிய மேன்டெல் அதைச் சட்டையே செய்யவில்லை. வலிக்குச் சொல் நிறையவே கிடக்கிறது என்றார். அவர் சொன்னது தமிழுக்கும் பொருந்தும். மகப்பேறு மருத்துவமனை வரிசையில் பத்து நிமிஷம் நின்றால் போதும். கடுக்குது, பிசையுது, சுண்டி இழுக்குது, இடுப்பு கழண்டு விழுற மாதிரி இருக்கு, கட்டி கட்டியா போகுது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாத்துறேன் டாக்டர் என்று எத்தனை நுணுக்கமாகச் சொல்கிறார்கள். கடைசியில் சொன்னது நோயறிதலுக்கு நேரடியாக உதவுகிற கணக்கு. உள்ளே போய் வெளியே வரும்போது சீட்டில் ‘வயிற்றுவலி’ என்று மட்டும் இருக்கும், கூடவே ஓர் இரும்புச்சத்து மாத்திரை. இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இரும்புச்சத்து போய்க்கொண்டிருக்கிற ஓட்டை எது என்று எத்தனை பேரிடம் விசாரித்திருப்பார்கள்?

மாற்கு சுவிசேஷத்தில் பன்னிரண்டு வருஷமாகப் பெரும்பாடுள்ள ஒரு பெண் வருகிறாள். அநேக வைத்தியர்களிடம் போய், கையிருப்பையெல்லாம் செலவழித்து, முன்னைவிட மோசமானவள் என்று மாற்கு பச்சையாகவே எழுதுகிறார். இதே கதை லூக்காவிலும் வருகிறது. அங்கே வைத்தியர்களால் குணமாக்க முடியவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும், மோசமாக்கினார்கள் என்ற குற்றச்சாட்டு இருக்காது. லூக்கா ஒரு வைத்தியர் என்பது மரபு.

சரி, பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாயிற்று. கல்யாணம், பிள்ளைகள், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் முடிந்தன. வலி மட்டும் முடியவில்லை. அப்போது வருகிற வாக்கியம் எல்லோருக்கும் தெரிந்தது: ‘பிள்ளைதான் பெத்தாச்சே, இனி அந்தப் பை எதுக்கு? எடுத்துடலாம்.’ இருபது வருஷம் இல்லாதிருந்த அவசரம் திடீரென்று எங்கிருந்தோ வந்துவிடும். கேன்சர் என்ற சொல்லும் கூட வந்தால் வீட்டில் யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் இந்த வாக்கியம் என்ன செய்தது என்பதற்கு அரசுக் கணக்கே இருக்கிறது. வறண்ட பூமி அது. ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் லட்சக்கணக்கானோர் கரும்பு வெட்ட மேற்கு மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகிறார்கள். வேலைக்கு எடுக்கும்போது கணவன் மனைவி இருவரும் சேர்ந்து ஒரு ‘கோய்தா’. கோய்தா என்றால் அரிவாள். சம்பள முன்பணம் அரிவாள் கணக்கில்தான். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் ஜோடிக்கு 500 ரூபாய்வரை அபராதம். வயலோரத்தில் தார்ப்பாய்க் கூடாரம், குளிக்க மறைப்பில்லை, கழிப்பறை இல்லை. விடியலுக்கு முன்னே எழுந்து வெட்டி, கட்டி, தலையில் சுமந்து லாரியில் ஏற்ற வேண்டும். மாதத்தில் அந்த மூன்று நாள் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைப்படுதல், அரிப்பு, அதிக உதிரப்போக்கு என்று ஊர் திரும்பியதும் பக்கத்து டவுன் மருத்துவமனைக்குப் போவார்கள். மாத்திரையில் சரியாகக்கூடிய தொற்றுக்குக்கூட, எடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று பதில் கிடைத்தது. செலவுக்கு மேஸ்திரியே கடன் கொடுத்தார். அதைக் கழிக்க அடுத்த பருவமும் வெட்டப் போக வேண்டும்.

2019இல் பத்திரிகைகள் இதை எழுதியபின் நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு ஒரு குழு போட்டது. பீட் மாவட்டத்தில் 82,309 கரும்புவெட்டும் பெண்களிடம் விசாரித்தார்கள். 13,861 பேருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆறு பேருக்கு ஒருவர். அகில இந்திய அளவில் 15 முதல் 49 வயதுப் பெண்களிடையே இது நூற்றுக்கு மூன்றையொட்டி நிற்கிறது. அந்த அகில இந்திய அறுவைசிகிச்சைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானிலும் இதே கதைதான். அங்கே ஏழைகளுக்கென்று கொண்டுவந்த 30,000 ரூபாய்க் காப்பீட்டு அட்டை, சில மருத்துவமனைகளுக்குக் கருப்பை எடுக்கும் அனுமதிச் சீட்டாகிவிட்டது என்ற குற்றச்சாட்டு உச்ச நீதிமன்றம்வரை போனது.

இங்கிலாந்தில் படித்த பெண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் எதுவும் செய்யவில்லை. பீட்டில் படிக்காத பெண்ணுக்கு முதல் வாரமே எல்லாம் செய்துவிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எதிரெதிர்த் துருவங்கள். இரண்டு இடத்திலும் விடுபட்டது ஒன்றேதான். இந்த வலி எதனால் வருகிறது என்று உட்கார்ந்து விசாரிக்க யாரும் அரைமணி நேரம் செலவழிக்கவில்லை. காது கொடுக்காதவர்களுக்குக் கத்தி எடுப்பது சுலபமான வேலை.

இதைச் சொல்லும்போது ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கருப்பை நீக்கம் பாவகாரியம் அல்ல. புற்றுநோய்க்கும், அடியிறக்கம் முற்றிய நிலைக்கும், வேறெதற்கும் அடங்காத உதிரப்போக்குக்கும் அது தேவையான, சில நேரம் உயிர்காக்கும் சிகிச்சை. ‘அஞ்சு வருஷம் முன்னாடியே எடுத்திருந்தா நிம்மதியா இருந்திருப்பேன்’ என்று சொல்கிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்கள் பொய் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் படுக்கை விரிப்பைப் பார்க்கிற பயம் போய்விட்டது என்பது எவ்வளவு பெரிய விடுதலை என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். பெண்ணியத்தின் பேரால் அந்த நிம்மதியை யாரும் கொச்சைப்படுத்தக் கூடாது. ஆனால் அவர்களிலும் பலருக்கு அந்த ஐந்து வருஷத்தில் வேறு வழிகள் இருந்ததே தெரியாது. உதிரப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது. கருப்பைக்குள் வைத்தால் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஹார்மோன் சுரக்கும் சாதனம் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுத்துக் கருப்பையை விட்டுவைக்கும் அறுவைசிகிச்சை இருக்கிறது. எண்டோமெட்ரியோசிஸுக்கு டயனோஜெஸ்ட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. எல்லாம் எல்லோருக்கும் பலிக்காது. சொல்லியாவது இருக்கலாம்.

கருப்பையை எடுப்பதும் சினைப்பைகளை எடுப்பதும் ஒன்றல்ல என்பதையும் பெரும்பாலும் சொல்வதில்லை. பேச்சுவழக்கில் எல்லாமே ‘பையை எடுத்துட்டாங்க’தான். கருப்பை மட்டும் போனால் மாதவிலக்கு நிற்கும், ஆனால் சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைத் தொடரும். அப்போதும் மெனோபாஸ் சில ஆண்டுகள் முன்னதாக வரலாம். சினைப்பைகள் இரண்டும் போனால் வருவதற்குக் காத்திருக்க ஒன்றுமில்லை, சில நாட்களிலேயே வந்துவிடும். இயல்பான மெனோபாஸ் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு இறங்கும் படிக்கட்டை இவர்கள் ஒரே குதியில் இறங்குகிறார்கள். நடு இரவில் கழுத்திலிருந்து கிளம்பி முகமெல்லாம் தீயாய்ப் பரவும் சூடு, பிறகு ரவிக்கை நனையும் வியர்வை, பிறகு குளிர். தூக்கம் போய்விடும். யோனி வறண்டு தாம்பத்தியம் தண்டனையாகும். காரணமில்லாமல் எரிச்சல், காரணமில்லாமல் அழுகை. இதெல்லாம் வெளியே தெரிபவை. எலும்பு ஓசையில்லாமல் தேயும். இருதய நோய்க்கான வாய்ப்பு கூடும். நாற்பத்தைந்துக்கு முன்பு சினைப்பைகளை இழப்பவர்களுக்கு இந்த அபாயங்கள் அதிகம் என்று பெரிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

முப்பத்திரண்டு வயதில் மெனோபாஸ் வந்த ஒரு கூலிப்பெண்ணின் இடுப்புவலியும் மூட்டுவலியும் யாருடைய கணக்கில் சேரும்? ‘ஆபரேஷன் பண்ணின உடம்பு, அப்படித்தான் இருக்கும்.’ அலட்சியம் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது, பழைய வசனத்தில் ஒரு சொல்தான் மாறியிருக்கிறது. பெண் வயசுக்கு வந்ததற்குப் பத்திரிகை அடித்து, பிளெக்ஸ் வைத்து, தாய்மாமன் சீரோடு ஊரைக் கூட்டுகிற சமூகத்தில், மாதவிலக்கு நின்றுபோனதைப் பல பெண்கள் கூடப்பிறந்தவளிடம்கூடச் சொல்வதில்லை. வீட்டில் தெரிவதெல்லாம், ‘அம்மா இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா’.

மருந்து இல்லாமலில்லை. உடம்பு சுரக்காத ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகவோ, தோலில் தடவும் ஜெல்லாகவோ, ஒட்டும் பட்டையாகவோ கொடுக்கலாம். அதைச் சுற்றி ஒரு பெரிய பயம் இருக்கிறது. அந்தப் பயத்துக்குப் பிறந்த தேதியும் உண்டு. 2002 ஜூலையில் அமெரிக்காவின் ‘விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் சேர்த்துக் கொடுத்த பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் சற்றுக் கூடியிருந்தன. உலகம் முழுக்கத் தலைப்புச் செய்தி. பெண்கள் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள், மருத்துவர்கள் எழுதுவதை நிறுத்தினார்கள். அந்த ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயது 63 என்பதும், மெனோபாஸ் கடந்து பல ஆண்டான பெண்கள் அவர்கள் என்பதும் சின்ன எழுத்தில் நின்றுவிட்டன. கருப்பை இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுத்த மற்றொரு பகுதியில் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. முப்பதில் சினைப்பையை இழந்தவர்களுக்கு அந்த முதல் தலைப்புச் செய்தியோடு சம்பந்தமே இல்லை. இழந்ததைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவர்களுக்குச் சிகிச்சை. மார்பகப் புற்றுநோய் வந்தது போன்ற தடைகள் இல்லாவிட்டால், இயல்பாக நிற்கும் வயதுவரையாவது ஹார்மோன் எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன இன்றைய வழிகாட்டல்கள். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்களுக்கு அதைக் கவனமாகத் திட்டமிட வேண்டும், மிஞ்சிய திசுவுக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான் தீனி. மேன்டெல் பட்ட பாட்டில் பெரும்பகுதி இந்த இடத்தில் பட்டது.

காப்பீட்டு அட்டையை வைத்து நடந்த கருப்பை நீக்கங்களுக்கு எதிராகப் பொதுநல வழக்கைத் தொடுத்த மருத்துவர் நரேந்திர குப்தா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 2013இல். தீர்ப்பு வந்தது 2023 ஏப்ரல் 5இல். தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்றது நீதிமன்றம். மாவட்டம், மாநிலம், தேசம் என்று மூன்று அடுக்கில் கண்காணிப்புக் குழுக்கள் வேண்டும். பெண்ணின் முறையான சம்மதமில்லாமல் எடுக்கும் மருத்துவமனைகளைக் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும். காகிதத்தில் குறையொன்றுமில்லை. தங்கள் மாவட்டத்தில் அப்படி ஒரு குழு இருக்கிறதா, கடைசியாக எப்போது கூடியது என்று இதைப் படிப்பவர்களில் யாராவது தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம்.

வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாருக்காவது கருப்பை எடுக்கத் தேதி குறித்திருந்தால், அதற்கு முன் அவரோடு கூடப் போங்கள். எதனால் இந்த உதிரப்போக்கு என்று மருத்துவரிடம் பெயர் கேளுங்கள். சினைப்பைகளை விட்டுவைப்பீர்களா, எடுப்பதென்றால் ஏன், எடுத்தபின் ஹார்மோன் தருவீர்களா என்று கேளுங்கள். கையெழுத்தை அந்தப் பெண்ணே போடட்டும், என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் படித்துக்காட்டிய பிறகு. அறுவைசிகிச்சை முடிந்ததும், எடுத்த உறுப்பைச் சோதித்த பயாப்ஸி அறிக்கையை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பல வீடுகளில் பில் இருக்கும், அந்த ஒரு தாள் இருக்காது.